ஈறு அறுவைக்குப் பின் காயத்தின்மேல் இடும் பற்றுகள்

புனே மாவட்டத்தில் மூலா, பவனா ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் இடையே அமைந்துள்ளது சாங்வி. முன்பு சிற்றூராக இருந்த இப்பகுதி இன்று பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்த நெருக்கமான குடியிருப்பாக வளர்ந்துள்ளது. மூலா ஆற்றைக் கடந்தால் ஔந்து. வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பிம்ப்ரி. அங்குள்ள டாக்டர் டி. ஒய். பாட்டீல் பல் மருத்துவக் கல்லூரியைப் போன்ற கல்லூரிகளில் ஈறு நோய்களுக்கெனத் தனித் துறை இயங்குகிறது. இத்தகைய துறைகளில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்புப் பயிலும் மருத்துவர்கள், தம் ஆய்வுக்கு அடிக்கடி எடுத்துக்கொள்ளும் பொருள்களுள் ஒன்று இக்கட்டுரையின் பொருளாகும்: ஈறு அறுவைக்குப் பின் காயத்தை எதனால் மூடினால் வலி குறையும், எதனால் மூடினால் அது விரைவில் ஆறும் என்பதே அது.

சிறியதாகத் தோன்றினும் இக்கேள்வியின் பயன் பெரிது. ஆலையில் வேலை செய்பவர் ஒருவர் அறுவை முடிந்து வீடு திரும்புகிறார் என்று கொள்வோம். மரத்துப்போகச் செய்த மருந்தின் ஆற்றல் சில மணி நேரத்தில் நீங்கியதும் வலி தோன்றுகிறது. உணவு கொள்ள இயலவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, ஊதியம் குறைகிறது. அவர் மறுமுறை மருத்துவமனைக்கு வருவதில்லை. அண்டை வீட்டாரையும் போகவேண்டாம் எனத் தடுக்கிறார். இவ்வாறு முதல் மூன்று நாள் வலி, பற்களைக் காக்கும் மருத்துவம் முழுவதையும் வீணாக்கிவிடக்கூடும். ஆதலின் காயத்தின்மேல் இடும் பற்றைப் பற்றிக் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

அறுவை ஏன் தேவைப்படுகிறது?

பல்லின் அடிப்பகுதியில் நாள்தோறும் படியும் கிருமிப் படலம் அகற்றப்படாவிடின் ஈறு வீங்கிக் குருதி கசியும். நாளடைவில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற இடைவெளி உண்டாகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. தொடக்க நிலையில் பற்களைச் சுரண்டித் தூய்மைப்படுத்துதலே போதுமானது. பை ஆழமாகிவிட்டால் ஈற்றை விலக்கி உள்ளே தூய்மை செய்து தைக்கவோ, மிகுந்து வளர்ந்த ஈற்றை வெட்டி அகற்றவோ நேரிடும்.

வேறொரு வகை அறுவையும் உண்டு. ஈறு சுருங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும்போது, மேல் அண்ணத்திலிருந்து 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள திசுவை எடுத்து அவ்விடத்தில் ஒட்டுப்போடுவர். இம்முறை 1960–களில் பரவியது. ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டிலும், திசு எடுத்த அண்ணத்துக் காயமே நோயாளிக்கு மிகுதியான துன்பம் தருகிறது. ஈற்றை விலக்கித் தைத்த காயத்தின் ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் அது விரைவில் கூடிவிடுகிறது. அண்ணத்துக் காயமோ திறந்த புண். அதன் நடுப்பகுதி, சுற்றோரங்களிலிருந்து புதிய படலம் ஊர்ந்து வந்து மூடும்வரை காத்திருக்கவேண்டும். நாவும் உணவும் அதன்மேல் ஓயாமல் உராய்கின்றன. பற்றுகளை ஒப்பிடும் அண்மைக்கால ஆய்வுகளில் பல இக்காயத்தையே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

காயம் ஆறும் முறை

வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் குருதி உறைந்து காயத்தை மூடுகிறது. இவ்வுறைவே இயற்கை இடும் முதற் பற்று. 12 முதல் 24 மணி நேரத்திற்குள் ஓரங்களிலுள்ள மேற்படல அணுக்கள் உறைவின் அடியே நகரத் தொடங்குகின்றன. அவை ஒரு நாளில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தொலைவு முன்னேறும். ஈற்றை வெட்டி அகற்றிய இடத்தில் 5 முதல் 14 நாட்களுக்குள் மேற்பரப்பு மூடப்படுகிறது. மேற்படலம் முழு வலிமை பெற ஒரு மாதமும், அடியிலுள்ள இணைப்புத் திசு சீராக ஏறத்தாழ ஏழு வாரங்களும் ஆகின்றன. அண்ணத்துக் காயம் மூடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வேண்டும்.

அரை மில்லிமீட்டர் என்னும் அளவைக்கொண்டு ஆசிரியர்கள் ஓர் எளிய கணக்கைச் செய்து காட்டலாம். 10 மில்லிமீட்டர் அகலமுள்ள காயத்தில் இரு ஓரங்களிலிருந்தும் படலம் நகர்கிறது. ஒவ்வோர் ஓரமும் 5 மில்லிமீட்டர் கடக்கவேண்டும். ஆகவே மூடுவதற்குக் குறைந்தது 10 நாட்கள் தேவை. முதல் உறைவு கலைந்துவிட்டாலோ, நகரும் ஓரம் உராய்வினால் கிழிந்தாலோ இக்காலம் நீளும். பற்று அணுக்களை விரைந்து ஓடச் செய்வதில்லை. அவை கலையாமல் நகர்வதற்கு இடந்தருகிறது. பற்றின் பயனைப் புரிந்துகொள்வதற்கு இது முதன்மையான செய்தி.

தோலின்மேல் ஏற்படும் காயத்திற்கும் வாயினுள் ஏற்படும் காயத்திற்கும் உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. 1962–இல் ஜார்ஜ் விண்டர் என்னும் அறிஞர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய காயங்களுள் சிலவற்றை மெல்லிய பாலிதீன் தாளால் மூடியும், சிலவற்றைக் காற்றில் உலரவிட்டும் ஒப்பிட்டார். ஈரம் காக்கப்பட்ட காயங்கள் ஏறக்குறைய இருமடங்கு விரைவில் மேற்படலம் பெற்றன. இக்கண்டுபிடிப்பு காயக்கட்டுகளின் வரலாற்றையே மாற்றியது. ஆனால் வாயிலோ உமிழ்நீர் எப்போதும் ஈரந்தருகிறது. ஆகவே தோலின்மீது இடும் கட்டு தரும் தலையாய நன்மை வாயில் முன்னரே கிடைத்துவிடுகிறது. வாயில் இடும் பற்று காக்கவேண்டியது உராய்விலிருந்தும், சூட்டிலிருந்தும், காரத்திலிருந்துமேயாகும்.

பழைய பற்றும் அதன் வழித்தோன்றல்களும்

ஈறு அறுவைக்கெனத் தனிப் பற்று ஒன்றை 1923–இல் ஏ. டபிள்யூ. வார்டு என்னும் மருத்துவர் அறிமுகப்படுத்தினார். துத்தநாக ஆக்சைடுத் தூளைக் கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருளாகிய யூஜினாலுடன் குழைத்து, பைன் எண்ணெயும் கல்நாரும் சேர்த்து அது ஆக்கப்பட்டது. குழைந்த மாவு இறுகிப் பற்களின் இடைவெளிகளில் பூட்டுப்போல் பொருந்தி நிற்கும். யூஜினால் வலியை ஓரளவு மரத்துப்போகச் செய்யும் என்று நம்பப்பட்டது. ஆனால் அதே யூஜினால் திறந்த திசுவை எரிச்சலூட்டுவதும், சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குவதும் பின்னர்த் தெரியவந்தன. கல்நார்த்தூள் நுரையீரலுக்குக் கேடு செய்வதால் அது கைவிடப்பட்டது.

இதன்பின் யூஜினால் இல்லாத பற்றுகள் தோன்றின. உலோக ஆக்சைடு அடங்கிய பசை ஒன்றும், கொழுப்பு அமிலம் அடங்கிய பசை ஒன்றும் இரு குழாய்களில் வருகின்றன. இரண்டையும் சம அளவில் கலந்தால் அவை வினைபுரிந்து இறுகுகின்றன. கோ–பாக் என்னும் பெயரில் விற்கப்படுவது இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. வழக்கமாக இப்பற்று ஒரு வாரம் வாயில் இருக்கும். அதன் நிறை எளிமையும் குறைந்த விலையும். குறை அதன் பருமனும் சுவையும் தோற்றமும். அதன் அடியில் கிருமிகள் சேர்வதும் உண்டு. அண்ணம் வழவழப்பாகவும் பல்லிடுக்கு அற்றதாகவும் இருப்பதால், அவ்விடத்தில் பற்று நிலைத்து நிற்பதும் கடினம். இதன் பொருட்டுச் சிலர் அண்ணத்தின் வடிவத்திற்கேற்ப அக்ரிலிக் தகடு செய்து பொருத்துவர்.

பற்று தேவைதானா என்னும் ஐயமும் எழுந்தது. 1979–இல் ஜோன்ஸ், காசிங்கம் என்போரும், 1983–இல் ஆலன், காபெஸ் என்போரும் பற்று இட்ட இடத்தையும் இடாத இடத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். நன்கு தைத்து மூடிய காயங்களில் ஆறுதலைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குளோர்ஹெக்சிடின் கரைசலால் வாய் கொப்பளிக்கும் வழக்கம் 1970–க்குப் பின் பரவியதும் பற்றின் தேவையைக் குறைத்தது. ஆகவே தைத்து மூடிய காயத்திற்குப் பற்று இடாமல் மருத்துவர் அனுப்பினால், அது கவனக்குறைவன்று என்பதை நோயாளிக்கு எடுத்துரைக்கவேண்டும்.

மூன்று புதிய முறைகள்

திறந்த அண்ணத்துக் காயத்தைப் பொறுத்தமட்டில் நிலைமை வேறு. இங்கு மூன்று பொருள்கள் மிகுதியாக ஒப்பிடப்படுகின்றன.

முதலாவது, சயனோஅக்ரிலேட் என்னும் பசை. 1942–இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக்குத் தேடியபோது இவ்வகைப் பொருளைக் கண்டார். தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அதை ஒதுக்கிவிட்டார். பின்னரே அக்குணம் பயனுள்ளது என உணரப்பட்டது. நீரின் ஈரம் பட்டவுடன் இதன் மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து இறுகுகின்றன. ஈரமான வாயில் இது ஒட்டுவதன் காரணம் இதுவே. கடையில் விற்கும் விரைவொட்டுப் பசையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அதன் மூலக்கூற்றுக் கிளை குட்டையானது. அது விரைவில் சிதைந்து திசுவைப் புண்படுத்தும் பொருள்களை வெளியிடும். மருத்துவத்தில் பயன்படுவது கிளை நீண்ட பியூட்டைல் முதலிய வகைகள். அவை மெதுவாகச் சிதைகின்றன. ஆதலின் கடைப் பசையை எக்காரணத்தாலும் வாயில் இடலாகாது. மருத்துவப் பசை சில நொடிகளில் குருதிக் கசிவை நிறுத்துகிறது. மெல்லிய படலமாக நின்று சில நாட்களில் தானே உதிர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, நோயாளியின் குருதியிலிருந்தே எடுக்கும் ஃபைப்ரின் படலம். பிரான்சில் ஜோசப் சுக்ரூன் என்பவர் 2001–இல் இம்முறையை வெளியிட்டார். கையிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் குருதியை எடுத்து, உறைவைத் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல், உடனே சுழல் பொறியில் இட்டு, நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சுழற்றுவர். குழாயின் அடியில் சிவப்பணுக்களும், மேலே வெளிர்மஞ்சள் நீர்மமும், நடுவில் கூழ் போன்ற ஃபைப்ரின் உறைவும் பிரிகின்றன. நடுவிலுள்ள உறைவை எடுத்து அழுத்தினால் மெல்லிய படலம் கிடைக்கும். இதில் சிக்கியுள்ள குருதித் தட்டணுக்கள், திசு வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைப் பல நாட்கள் சிறிது சிறிதாக வெளியிடுகின்றன. காலந்தாழ்த்தினால் குருதி குழாயிலேயே உறைந்து போகும். ஆகவே பொறி அறுவை நடக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும்.

மூன்றாவது, கொலாஜன் தாள். இதன் வரலாறு தமிழ் வாசகர்களுக்குச் சிறப்பாக உரியது. தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றின் அடிப்படைப் புரதமாகிய கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954–இல் வெளியிட்டனர். அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கொலாஜன், 1948–இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. அது கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுக்கப்பட்டதாகும். அடையாற்றிலுள்ள அதே நிலையம் பிற்காலத்தில் காயங்களின்மேல் இடும் கொலாஜன் தாள்களை உருவாக்குவதிலும் ஈடுபட்டது. கொலாஜனைத் தொட்டதும் குருதித் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு உறைவை உண்டாக்குகின்றன. நகரும் அணுக்களுக்கு அது படுகையாகவும் அமைகிறது. பின்னர் உடலே அதைக் கரைத்துக்கொள்வதால் அகற்றவேண்டியதில்லை. இத்தாள்கள் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றிலிருந்து ஆக்கப்படுவதால், சமய ஒழுக்கம் காரணமாகச் சிலர் தயங்கக்கூடும். எவ்விலங்கிலிருந்து பெறப்பட்டது என்பதை முன்னரே கேட்டறிந்து கூறுதல் பணியாளரின் கடமை.

ஒப்பிடும் முறை

இரு பற்றுகளுள் எது நல்லது என்பதை நேர்மையாக அறிவது எளிதன்று. ஒருவருக்கு ஒன்றும் மற்றொருவருக்கு வேறொன்றும் இட்டுக் கேட்டால் போதாது. முதலாமவர் வலி பொறுப்பவராகவும் இரண்டாமவர் பொறாதவராகவும் இருக்கலாம். ஆகவே இயன்ற இடங்களில் ஒரே நோயாளியின் வாயில் வலப்புறம் ஒரு பற்றும் இடப்புறம் வேறொரு பற்றும் வைத்து, எது எப்பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பர். பின்னர்க் காயத்தைப் பார்த்து மதிப்பிடுபவர், அங்கு எப்பற்று இடப்பட்டது என்பதை அறியாதவராக இருக்கவேண்டும். அறிந்திருந்தால், தாம் விரும்பும் பக்கம் அவரையறியாமலே சாய்ந்துவிடுவார்.

வலியை அளக்க 100 மில்லிமீட்டர் நீளமுள்ள கோடு பயன்படுகிறது. அதன் ஒரு முனை வலியே இல்லை என்பதையும் மறுமுனை தாங்க இயலாத வலி என்பதையும் குறிக்கும். நோயாளி தம் வலிக்கேற்ற இடத்தில் குறியிடுகிறார். முனையிலிருந்து அக்குறிவரை உள்ள தொலைவே அளவு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மலர்ந்த முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த படங்களைக் காட்டலாம். நோயாளி உட்கொண்ட வலி மாத்திரைகளையும் எண்ணவேண்டும். ஒருவர் குறைந்த வலியைக் குறித்தாலும், அதன்பொருட்டு இருமடங்கு மாத்திரை உண்டிருந்தால் பற்றின் பெருமை அங்கில்லை.

ஆறுதலை அளக்க 1988–இல் லாண்ட்ரி முதலியோர் வகுத்த ஐந்து படிநிலை அட்டவணை வழங்குகிறது. ஈற்றின் நிறம், தொட்டால் குருதி கசிதல், சிவந்த சதை, ஓரத்தின் மூடல், சீழ் ஆகியவற்றை நோக்கி, மிக மோசம் என்பதற்கு 1 முதல் மிக நன்று என்பதற்கு 5 வரை மதிப்பிடுவர்.

மேற்படலம் மூடிவிட்டதா என்பதை அறிய மற்றொரு வழியும் உண்டு. காயத்தின்மேல் 3 விழுக்காடு ஹைடிரஜன் பெராக்சைடுத் துளியை இட்டால், திறந்த திசுவிலும் குருதியிலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்து ஆக்சிஜன் குமிழிகளை எழுப்பும். மேற்படலம் மூடியபின் நுரை எழாது. வகுப்பில் ஆசிரியர்கள் இதையே ஓர் உருளைக்கிழங்கைக்கொண்டு காட்டலாம். வெட்டிய முகத்தில் துளியிட்டால் நுரை பொங்கும். தோல் சிதையாத பக்கத்தில் இட்டால் ஏறக்குறைய அமைதியாக இருக்கும். மூடிய தோலின் மதிப்பை மாணவர் கண்ணாரக் காண்பர்.

முடிவுகள் கூறுவது யாது?

அண்ணத்துக் காயத்தைத் திறந்தே விடுவதைவிட, ஏதேனும் ஒன்றால் மூடுதல் முதல் வாரத்து வலியைக் குறைக்கிறது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துள்ளன. சயனோஅக்ரிலேட் குருதிக் கசிவை நிறுத்துவதிலும் வேலை முடியும் விரைவிலும் சிறந்து நிற்கிறது. ஃபைப்ரின் படலம் வலியைக் குறைப்பதோடு மேற்படலம் விரைந்து மூடுவதற்கும் துணைபுரிவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் கையில் ஊசி குத்தவேண்டும், பொறி வேண்டும். கொலாஜன் தாள் எடுத்து வைப்பதற்கு எளிது. அண்ணத்தில் நிலைநிறுத்தத் தையலோ பசையோ வேண்டும். இவற்றுள் ஒன்றே எல்லாவற்றினும் மேலானது என்று ஆய்வாளர் உடன்பட்ட முடிவு இல்லை. பல ஆய்வுகளில் நோயாளிகள் தொகை சிறிது. எடுத்த திசுவின் தடிப்பும் பரப்பும் ஒவ்வோர் ஆய்விலும் வேறு. ஆழமாக எடுத்த காயத்திற்குச் சிறந்த பற்று இட்டாலும், மேலோட்டமாக எடுத்த காயத்தைவிட அது மிகுதியாக வலிக்கக்கூடும்.

காலத்தையும் கருதவேண்டும். முதல் மூன்று நாட்களில் பற்றுகளிடையே தெளிவாகக் காணும் வேறுபாடு, நாட்கள் செல்லச் செல்லக் குறைகிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாக் காயங்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஆறியிருக்கும். ஆகவே விலையுயர்ந்த பற்று வாங்க இயலாத நோயாளிக்குக் காயமே ஆறாது என்று அஞ்சவேண்டியதில்லை. அவர் இழப்பது சில நாள் நலம், பல்லையன்று. ஆனால் நாட்கூலி பெறும் ஒருவருக்கு அச்சில நாட்களே பெருமதிப்புடையன என்பதையும் மறத்தலாகாது.

களப் பணியாளர் கூறவேண்டியவை

மகாராட்டிரத்தில் புகையிலையை வறுத்துப் பொடித்த மிஸ்ரி என்னும் கருந்தூளால் பல்லையும் ஈற்றையும் தேய்க்கும் வழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, உண்டு. தமிழ்நாட்டில் புகையிலையை வாயில் அடக்கும் வழக்கம் அறிந்ததே. நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கிக் குருதியோட்டத்தைக் குறைக்கிறது. எப்பற்று இட்டாலும் காயம் ஆறுவது தாமதப்படும். வலி தணிய மிஸ்ரியைக் காயத்தின்மேல் அப்புதல் பெருந்தீங்கு. கிராம்பு எண்ணெயை நேரே ஊற்றுதலும் திசுவைப் புண்படுத்தும்.

அறுவையன்று சூடான உணவையும், முதல் சில நாட்கள் காரத்தையும் கடினமான தின்பண்டங்களையும் விலக்கவேண்டும். ஆறிய கஞ்சி, தயிர்சோறு, பருப்புக் கிச்சடி முதலியன ஏற்றவை. காயம்பட்ட இடத்தில் தூரிகை படாமல், மருத்துவர் கூறியவாறு குளோர்ஹெக்சிடின் கரைசலால் நாளைக்கு இருமுறை மெல்லக் கொப்பளித்து, ஏனைய பற்களை வழக்கம்போல் துலக்கவேண்டும். முதல் நாள் வலுவாகக் கொப்பளித்துத் துப்பினால் உறைவு கலைந்துவிடும். வலி மாத்திரையை மருத்துவர் கூறிய நேரத்தில், மரத்த தன்மை நீங்குமுன்னரே உட்கொள்வது நல்லது. பற்றின் சிறு துண்டு உடைந்து விழுந்தால் அஞ்சவேண்டியதில்லை. முழுவதும் விழுந்து வலி மிகுந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். அண்ணத்திலிருந்து குருதி கசிந்தால், தூய துணியை மடித்து அவ்விடத்தில் விரலால் 10 முதல் 15 நிமிடம் இடைவிடாமல் அழுத்தவேண்டும். அப்பொழுதும் நில்லாவிடில் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மூன்றாம் நாளுக்குப் பின் வலி குறையாமல் கூடுதலும், காய்ச்சலும், சீழும் தொற்றின் அறிகுறிகள்.

நீரிழிவு உள்ளவரும், குருதி உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவரும், கிராம்பு முதலியவற்றால் ஒவ்வாமை உற்றவரும் அறுவைக்கு முன்னரே அதை மருத்துவருக்குத் தெரிவிக்குமாறு தூண்டுதல் வேண்டும். பற்றைத் தேர்ந்தெடுப்பது மருத்துவர் பொறுப்பு. இடப்பட்ட பற்று எதுவாயினும், அதன் அடியிலுள்ள மெல்லிய உறைவைக் கலையாமல் காப்பது நோயாளியின் கையிலுள்ளது. அதை அவருக்கு அவருடைய மொழியில் விளங்கச் சொல்வது களப் பணியாளரின் கையிலுள்ளது.